இருநூற்றுப் பதினோரு மணி நேரம்

தொலைத்தவன் ஒருத்தன், தொலைந்தது ஒருத்தியுடையது, மன்னிப்புக் கேட்க வேண்டியவளும் அந்த ஒருத்தியே என்று ஆகிவிட்டது செந்தூர்க்கனிக்கு. மொழியியல் துறையின் சர்வரில் இருந்த டிஸ்கைப் போன மாதம் பதினேழாம் தேதி அழித்தவன் சீனியர் ஸ்காலர் ஜெபஸ்டின். அதில் இருந்தது உப்பளத்துப் பெண்களிடம் இரண்டரை வருஷமாக அவள் அலைந்து பதிவு செய்த இருநூற்றுப் பதினோரு மணி நேரப் பேச்சு. 'எனது கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன்' என்று டைப் அடித்து, கீழே அவள் பெயரையும் அடித்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டுக் கொடுத்தவர் அவளுடைய நெறியாளர் திலகவதி மேடம். தெரியாமல் பழி போட்டால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மேடத்துக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். "அவனுக்கு அடுத்த வாரம் வைவா கனி. இப்பப் போய் இப்படி ஒரு பேர் வரலாமா? உனக்கு இன்னும் ஒண்ணரை வருஷம் இருக்குல்ல" என்றார் மேடம், ஏதோ பஸ்ஸில் இடம் மாறி உட்காரச் சொல்கிற மாதிரி. நிதி கொடுக்கும் நிறுவனத்துக்கு இன்று நாலு மணிக்குள் விளக்கம் போக வேண்டும், அதோடு இந்தக் கடிதமும். போடாவிட்டால் என்ன ஆகும் என்று மேடம் சொல்லவில்லை. ஆறு மாத அறிக்கையில் மேடத்தின் கையெழுத்து இல்லாமல் உதவித்தொகை வராது என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன. "அதுக்குள்ள புது டிஸ்கையும் ரெடி பண்ணிடும்மா, உன்னை விட்டா யாருக்கு அது தெரியும்" என்று மட்டும் சொன்னார். அப்போது மணி இரண்டு. கனி சரி என்றாளா, தலையாட்டினாளா, அவளுக்கே ஞாபகம் இல்லை.

இப்போது இரண்டு இருபது. கடிதம் கீபோர்டுக்கு இடப்பக்கம் கிடக்கிறது, காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் ஸ்டேப்ளர். ஏசி ஓடுகிறது. திரையில் கறுப்பு, கறுப்பில் வெள்ளை எழுத்து. கோபம் வர வேண்டும், வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட பிறகு சொந்த உதட்டைத் தொட்டால் அடுத்தவன் உதடு மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது எல்லாம். விரல் மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்தது. சர்வர் மும்பையில் எங்கோ இருக்கிறதாம். காலையில் கணினி மையத்தில் இருந்து போன் பண்ணிச் சொன்னார்கள், நாலு டெராபைட், மாட்டியாச்சு, உங்க பக்கம் தெரியுதா பாருங்க என்று. மாட்டியாச்சு என்றால் யார், எந்தக் கையால், எந்தச் சுவரில்? வாடகைக்கு எடுத்த வீட்டைப் பார்க்காமலே சாவி வாங்கிக்கொண்ட மாதிரி. பட்டியலைக் கேட்டாள். மூன்று வரி வந்தது. சர்வர் தன் டிஸ்குகளுக்கு வரிசையாக ஏ, பி, சி என்று பெயர் வைத்துக்கொள்ளும். ஏ என்பது சர்வர் ஓடுகிற டிஸ்க், அதைத் தொடக்கூடாது. சி என்பது இன்று வந்தது, காலி. நடுவில் பி. பார்க்காமல் இருக்கலாம் என்றால் பட்டியலில் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. பி நிறைந்திருந்தது. ஜெபஸ்டினின் வீடியோக்களால் நிறைந்திருந்தது. அழித்ததோடு விட்டிருந்தால் ஏதாவது தோண்டி எடுத்திருக்கலாமாம், கணினி மையத்தில் சொன்னார்கள். அழித்த கையோடு அறுநூறு ஜிபி வீடியோவை அதன் மேல் ஏற்றிவிட்டான், புது டிஸ்க் என்று நினைத்து. நினைத்து. பேச்சியம்மாளும் லூர்தம்மாளும் இன்னும் முப்பத்தாறு பேரும் பேசிய இடத்தில் இப்போது யாரோ ஒரு பட்டிமன்றப் பேச்சாளர் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார். அது அவனுடைய ஆய்வுப் பொருள். பட்டிமன்றத்தில் வாதிடும் உத்திகள். வாதிடும் உத்தி! ஒரு ஆளிடம் வாய் திறந்து நான்தான் செய்தேன் என்று சொல்லத் தெரியாதவனுக்கு.

சுவரில் அந்தக் காகிதம் இன்னும் இருந்தது. செல்லோடேப் மஞ்சளாகி ஓரம் சுருண்டிருந்தது. 'புது டிஸ்க் அமைக்கும் முறை' என்று பச்சை ஸ்கெட்ச்சில் தலைப்பு, கீழே அஞ்சு வரிக் கட்டளை, அவள் கையெழுத்து. இந்த லேபில் யாரும் கட்டளையை மனதில் இருந்து அடிப்பதில்லை, சுவரைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். சர்வருக்குள் போக எல்லாருக்கும் ஒரே பெயர், 'லேப்'; ஒரே ரகசியச் சொல், அதுவும் சுவரில்தான். மொழியியல்காரர்கள்தானே நாம், கம்ப்யூட்டர்காரர்களா என்று மேடம் சிரித்துக்கொண்டே சொல்வார். அதனால் பதினேழாம் தேதி காலை பதினொன்று நாற்பதுக்கு டிஸ்கை அழித்தது யார் என்று சர்வரைக் கேட்டால் அது லேப் என்கிறது. லேப் என்றால் யாருமில்லை. யாருமில்லை என்றால், காகிதம் எழுதிய ஆள். அவள் அதை எழுதும்போது ஏ-வைத் தவிர டிஸ்க் ஒன்றுதான் இருந்தது, அதன் பெயர் பி, புதுசு, காலி. புது டிஸ்க் என்றால் பி என்பது அன்றைக்கு உண்மை. இரண்டரை வருஷம் கழித்து அந்த பி நிறைமாதமாக இருக்கிறது, கேட்டிருந்த புது டிஸ்க் வந்துவிட்டது என்று நினைத்து ஜெபஸ்டின் சுவரைப் பார்த்து பி என்று அடிக்கிறான். முதலில் பட்டியலைப் பார், பிறகு அடி என்று ஒரு வரி அவள் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. தேதியாவது போட்டிருக்கலாம். போடவில்லை. இந்த இடத்துக்கு வந்ததும் அவளுடைய வாதம் ஒவ்வொரு தடவையும் நின்றுபோகும். ஒரு மாதமாக இப்படித்தான். குளிக்கும்போது, மெஸ்ஸில் வரிசையில் நிற்கும்போது, அவள் மேடத்திடம் மனதுக்குள் வாதாடுவாள், ஒவ்வொரு பாயிண்டாக, கல்லூரிப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவள்தானே, மேடம் வாயடைத்து நிற்பார், அப்போது மேடம் சுவரைக் காட்டுவார். இது யார் எழுத்து கனி? அதோடு முடிந்தது. திரும்ப முதலில் இருந்து. ஆனால் அவனைக் கேட்டதே. சர்வர் கேட்டதே. இதில் ஏற்கெனவே கோப்புகள் இருக்கின்றன, கடைசியாக நேற்றுத் திறந்தது, இருந்தாலும் தொடரவா என்று கேட்கும், அதற்கு ஆமாம் என்று அடித்தால்தான் மேலே போகும். அடித்திருக்கிறான். அவனே சொன்னான், அன்று சாயங்காலம் லைப்ரரி படிக்கட்டில், அவள் சொந்த ஊர் ஆறுமுகநேரியில் இருந்து பஸ்ஸை விட்டு இறங்கி வந்த வேர்வையோடு நிற்கும்போது. "கேட்டுச்சு கனி. வழக்கமாக் கேக்குற கேள்வின்னு நெனச்சு ஒய் அடிச்சிட்டேன்." அழுதான். அவன் அழுததைப் பார்த்து அவள்தான் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். மறுநாள் மேடம் அறையில் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், லேப் அக்கவுண்ட்ல யாரோ, என்றான். யாரோ.

கட்டளையை அடித்தாள். சி. ஒருமுறை பார்த்தாள், பட்டியலுக்குப் போய் மறுபடி பார்த்தாள், சி, நாலு டெராபைட், காலி. திரும்பி வந்து சி என்று வாய்விட்டுச் சொன்னாள். "என்னக்கா, ஏபிசிடி படிக்கிறீங்களா?" என்றாள் சுலைகா, முதலாமாண்டு ஸ்காலர், பக்கத்து மேஜையில் இருந்து காதில் ஹெட்போனோடு. "ஆமா, சி வரைக்கும் வந்திருக்கேன்." "டீ வேணுமா?" "வேண்டாம்." "கையெழுத்துப் போடப் போறீங்களா?" என்று ஹெட்போனைக் கழற்றாமலே கேட்டாள், டீ வேணுமா என்ற அதே குரலில். கனி எண்டரைத் தட்டினாள். கேள்வி வரும் என்று காத்திருந்தாள். தொடரவா என்று. வரவில்லை. காலி டிஸ்கிடம் அழிக்க என்ன இருக்கிறது கேட்பதற்கு. அது நேரே வேலையைத் தொடங்கிவிட்டது. எண்கள் ஏறின. பெரிய டிஸ்க், நேரமாகும். வீடு கட்டும் முன்னால் மனையை அளந்து கல் நடுகிற மாதிரிதான் ஃபார்மட் என்பதும், இங்கே இது, அங்கே அது என்று வெறுமையைக் கட்டம் கட்டுவது. கட்டம் என்றதும் பாத்தி. ஆறுமுகநேரியில் அவள் வீட்டு மொட்டை மாடியில் நின்றாலே தெரியும், பாத்தி பாத்தியாக உப்பளம், பத்து மணி வெயிலில் பார்க்க முடியாது, கண் கூசும். சின்ன வயதில் அந்தப் பக்கம் போகாதே என்பார்கள். போகாமல் இருந்து, எம்.ஏ. முடித்து, பிறகு ஆராய்ச்சி என்ற பெயரில் போனாள், ரெக்கார்டரும் அதன் மைக்குக்குப் பஞ்சுத் தொப்பியுமாக. "என்னட்டி இது, கொரங்குக் குட்டி மாதிரி" என்றாள் பேச்சியம்மாள். காலில் பழைய டயர்ச் செருப்பு, அதற்குள் வெடித்த பாதம், முகத்தில் அவள் மகன் வாங்கித் தந்த கறுப்புக் கண்ணாடி. சினிமாக்காரி மாதிரி இருக்கீங்க என்றதற்கு, "பின்னே? ஒன்னைய மாதிரியா" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தாள். அந்தச் சிரிப்பும் பதிவில் இருந்தது. ஏழாவது கோப்பு. சிரிப்புக்குப் பின்னால் காற்று, காற்றுக்குப் பின்னால் மோட்டார்.

அந்த இடத்துக்கு வராமல் இருக்கத்தான் அவள் இவ்வளவு சுற்றினாள். வந்துவிட்டது. நாற்பத்தோராவது கோப்பு. மார்கழி கழிந்து வேலை தொடங்கிய முதல் வாரம், கஞ்சி குடித்துவிட்டு எல்லாரும் கொட்டகை நிழலில் சாய்ந்திருக்க, பேச்சியம்மாள் மட்டும் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒண்ணு சொல்லுதேன். இத நான் ஒருத்திட்டயும் சொன்னதில்ல, எம் புருசனுக்கும் தெரியாது. ஒருக்கத்தான் சொல்லுவேன். பெறவு கேக்கப்படாது." இதுவரை தெளிவாக இருக்கிறது. இதற்குப் பிறகு இருபத்தைந்து நிமிஷம் பேசினாள். மூத்த குழந்தை பற்றி. மழை பெய்து பாத்தி கரைந்த ஒரு ஐப்பசி பற்றி. குழந்தை, மழை. பிறகு? பிறகு கனிக்குத் தெரியவில்லை. அவள் கேட்கவில்லை. உண்மை அதுதான், யாரிடமும் சொல்லாத உண்மை. அன்று காற்று சுழன்றடித்தது, மைக்கில் கடகடவென்று விழுந்துகொண்டிருந்தது, அவள் கண் முழுக்க ரெக்கார்டரில் ஒலியளவு காட்டும் பச்சைக் கோடுகள் மேல், சிவப்பைத் தொடுகிறதா, தொடவில்லையா, கையால் மறைத்தாள், உடம்பைத் திருப்பிக் காற்றுக்கு முதுகைக் காட்டினாள். ம், ம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பேச்சியம்மாளின் வாய் அசைந்தது, கண்ணாடியைக் கழற்றினாள், கண் சிவந்திருந்தது, உப்புக் கண்ணா அழுத கண்ணா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு மறுபடி கோட்டுக்குப் போய்விட்டாள். பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்றுதான். மெஷின் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது. நிதானமாக, ஹாஸ்டலில், ஹெட்போன் போட்டு, எழுத்தெழுத்தாக. அந்தக் கோப்பு வரிசையில் பின்னால் இருந்தது, எழுத்தில் பெயர்த்தது மொத்தமே முப்பது மணி நேரம்தான், அதில் அது இல்லை. மெமரி கார்டு மூன்றே மூன்று, சர்வரில் ஏற்றியதும் அழித்துவிட்டு அடுத்த வாரத்துக்கு அதே கார்டு. தனி ஹார்ட் டிஸ்க் ஒன்று கேட்டு எழுதிய விண்ணப்பம் கொள்முதல் கமிட்டியில் உட்கார்ந்திருக்கிறது. சர்வர் இருக்கும்போது அது எதற்கு என்று கேட்டிருந்தார்கள். இப்போது அந்த இருபத்தைந்து நிமிஷத்தை நினைத்தால் பச்சைக் கோடு ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான், ஊமைப்படம். ஜெபஸ்டின் அழித்தது டிஸ்கில் இருந்ததை. இவள் மனதில் ஏன் இல்லை? அதை யார் அழித்தார்கள்? இதையும் கவனக்குறைவு என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்களா? பயமாக இருந்தது. பயம்கூட எங்கோ தள்ளி, அடுத்த அறையில் யாரோ பயப்படுவது கேட்கிற மாதிரி இருந்தது. ஃபார்மட் முடிந்திருந்தது. எப்போது முடிந்தது என்று பார்க்கவில்லை.

டிஸ்கை இணைத்தாள். இணைத்ததும் நாலு டெராபைட்டில் பயன்பட்டது பூஜ்யம் சதவீதம் என்றது. சர்வரை அணைத்துப் போட்டாலும் இந்த இணைப்பு தானாகத் திரும்பி வர, தொடக்கக் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரியையும் பழைய காகிதத்தில் அவள் எழுதியிருக்கவில்லை. அதனால்தான் சர்வர் நின்று எழுந்தால் ஒவ்வொரு தடவையும் யாராவது கையால் இணைப்பார்கள், பதினேழாம் தேதி யாரும் இணைக்கவில்லை, இணைத்திருந்தால் உபயோகத்தில் இருக்கிறது என்று சர்வரே அழிக்க மறுத்திருக்கும். பார், இன்னொன்று. தோண்டத் தோண்ட அவள் பக்கத்திலும் ஒன்று கிடைத்துக்கொண்டே இருக்கிறது. இந்தத் தடவை ஏ, பி, சி எழுதவில்லை. ஒவ்வொரு டிஸ்குக்கும் பிறக்கும்போதே ஒரு நீள எண் உண்டு, எத்தனை டிஸ்க் வந்தாலும் போனாலும் மாறாது, அதை எடுத்து எழுதினாள். பிறகு இன்னொரு காரியம் செய்தாள், யாரும் சொல்லாமல். லேப் என்ற பொதுப் பெயரை நிறுத்தினாள். திலகவதி, ஜெபஸ்டின், சுலைகா, செந்தூர்க்கனி என்று நாலு பெயரில் நாலு கணக்கு. யார் எதைத் தொட்டாலும் அவரவர் பெயர் நிற்கும். செய்து முடித்ததும் கொஞ்சம் நிம்மதி வரும் என்று பார்த்தாள். வரவில்லை. சர்வரை அணைத்து எழுப்பும் கட்டளையை அடித்தாள். திரை உறைந்தது.

அந்த நேரம் பார்த்து ஜெபஸ்டின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான், இஸ்திரி போட்ட சட்டை, வைவாவுக்கு ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறான் போல. "முடிஞ்சிருச்சா கனி? பி நெறஞ்சிருச்சு, என் மீதி வீடியோவை முதல்ல ஏத்திடணும், வைவாவுக்கு வர்ற எக்ஸ்டர்னல் சார் டேட்டா கேட்டா காட்டணும்ல." "சர்வர் எழுந்திரிக்கட்டும்." "ஏன் தூங்குது?" என்று சிரிக்கப் பார்த்தான். சுலைகா ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள், அது டக்கென்று விழுந்த சத்தம் கேட்டது. "தனித்தனி அக்கவுண்ட் போட்டிருக்கேன் அண்ணே. உங்களுக்கு உங்க பேர்ல" என்றாள் கனி. "எதுக்கு? நமக்குள்ள என்ன தனித்தனி?" "நமக்குள்ளதான்." அவன் கண் ஸ்டேப்ளரிடம் போனது, அதன் அடியில் இருந்த காகிதத்திடம். குரலை இறக்கினான். "போட்டுக் குடுத்துரு கனி. எனக்கு நெல்லைல காலேஜ்ல இடம் சொல்லி வச்சிருக்காங்க, இந்த மாசம் வைவா முடிஞ்சாத்தான். வேலைல சேர்ந்ததும் நானே மேடத்துக்கு எழுதுறேன், நான்தான்னு. சத்தியமா." சத்தியமா என்றபோது அவன் கை நெஞ்சுக்குப் போனது, அங்கே பாக்கெட்டில் இரண்டு பேனா. "அண்ணே," என்றாள் சுலைகா, "நீங்க எழுதப் போற அந்த லெட்டரை இப்பவே எழுதி அக்கா கையில குடுத்துருங்களேன். தேதியை மட்டும் அப்புறமாப் போட்டுக்கலாம்." அவன் முகம் சிவந்தது. "நீ நேத்து வந்தவ, உனக்கு ஒண்ணும் தெரியாது." "தெரிஞ்சவங்கள்லாம் என்ன செஞ்சீங்கன்னு பாத்துட்டுத்தான் இருக்கேன்." கனி இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி. இவ்வளவு நாளும் இவனிடம் சொல்ல எத்தனை வாக்கியம் சேர்த்துவைத்திருந்தாள், ஒவ்வொன்றும் தீட்டி, கூராக்கி. ஒன்றும் நாக்குக்கு வரவில்லை. அவன் மோசமானவன் இல்லை, அதுதான் எரிச்சல். பயந்தவன், பயந்தவர்களுக்கு எப்போதும் ஒருத்தி தேவைப்படுகிறாள். "அது கேட்டப்ப," என்றாள் கடைசியில், அவளுக்கே தன் குரல் தூரத்தில் இருந்து வந்த மாதிரி இருந்தது, "தொடரவான்னு கேட்டப்ப, முழுசா வாசிச்சீங்களா?" அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "இல்ல," என்றான். "நானும் முழுசாக் கேக்கல," என்றாள் அவள். அவனுக்குப் புரியவில்லை, புரிய வேண்டும் என்று அவள் சொல்லவும் இல்லை. ஏத்தினதும் சொல்லு என்று போய்விட்டான்.

சர்வர் இன்னும் எழவில்லை. மும்பையில் எங்கோ. ஒருவேளை எழாது. வரியில் ஒரு எழுத்து தப்பாகப் போயிருந்தால் சர்வர் முழுசாகவே நின்றுவிடும், எல்லாருடையதும் போகும், அப்போது உண்மையிலேயே என் கவனக்குறைவு, உண்மையிலேயே வருந்துகிறேன், கையெழுத்துப் போடத் தகுதியான கடிதம். அந்த நினைப்பில் ஒரு அசிங்கமான ஆறுதல் இருந்தது: எல்லாம் போகட்டும், சமமாகட்டும். ரெண்டு நிமிஷம். பேச்சியம்மாளிடம் என்ன சொல்வது? இதுவரை போகவில்லை. ஒரு மாதமாக ஊருக்கே போகவில்லை. போன் வந்தால் எடுப்பதில்லை. அவள் மறுபடி சொல்ல மாட்டாள், சொல்லச் சொல்லிக் கேட்கவும் கூடாது. மேடம் கேட்கச் சொல்கிற மன்னிப்பு எங்கே போய் யாருக்குச் சேரும் என்று முதல் தடவையாக யோசித்தாள். துறைக்கு. நிறுவனத்துக்கு. யாருடைய பேச்சோ தொலைந்ததற்கு யாரிடமோ. முகவரி மாறிப் போகிற தபால். துறைக்கு இதில் என்ன போயிற்று? துறை என்ன பாத்தியில் நின்றதா, வெயிலில் பேசியதா, ஒருக்கத்தான் சொல்லுவேன் என்று சொன்னதா? வாதம் ஒரு மாதமாகச் சுவரில் முட்டி நின்ற இடத்தைத் தாண்டி நடக்கத் தொடங்கியது, மெதுவாக, மரத்த கால் மாதிரி. சுவரில் இருக்கிற எழுத்து என்னுடையதுதான். சரி. அதற்கு? அது ஒன்று, இது ஒன்று. ஒன்றை ஒத்துக்கொண்டால் இன்னொன்றையும் சேர்த்து ஒத்துக்கொள்ள வேண்டும் என்று யார் சொன்னது? திரையில் ஒரு வரி வந்தது, பெயரைக் கேட்டது. செந்தூர்க்கனி என்று அடித்தாள். உள்ளே விட்டது. டிஸ்க் தானாகத் திரும்பி வந்திருந்தது, பூஜ்யம் சதவீதம். "வந்திருச்சா?" என்றாள் சுலைகா. "வந்திருச்சு."

மூன்று ஐம்பத்திரண்டுக்கு மேடத்திடம் இருந்து மெயில் வந்தது, துறைத் தலைவருக்கும் நிறுவனத்துக்கும் நகலோடு: 'செல்வி செந்தூர்க்கனி, கையெழுத்திட்ட விளக்கக் கடிதத்தை உடனே இம்மின்னஞ்சலுக்கான பதிலில் இணைத்து அனுப்பவும்.' ஸ்டேப்ளரை நகர்த்தினாள். கடிதத்தை எடுத்து ஒருமுறை முழுசாக வாசித்தாள், தலைப்பில் இருந்து தேதி வரை, ஒரு சொல் விடாமல். மேஜை இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டு மூடினாள். சுலைகா எழுந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். கனி எல்லாருக்கும் பதில் என்பதை அழுத்தினாள். விரல்களில் இப்போதும் ஒன்றும் தெரியவில்லை, அடித்துக்கொண்டே போயின.

'மதிப்பிற்குரிய மேடம், நீங்கள் கொடுத்த கடிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. சுவரில் இருந்த குறிப்பை எழுதியவள் நான். டிஸ்க் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லி அதில் எழுதாமல் விட்டது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். பதினேழாம் தேதி டிஸ்கை அழித்தவர் ஜெபஸ்டின். அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். புது டிஸ்க் தயாராக இருக்கிறது. அழிந்த பதிவுகளில் பேசியவர்கள் முப்பத்தெட்டுப் பேர். நாளைக் காலை முதல் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போகிறேன், அதனால் நான்கு நாள் விடுப்பு வேண்டும். என்னிடம் இருக்கிற மன்னிப்பு அவர்களுக்கே போதுமா என்று தெரியவில்லை. துறைக்குக் கொடுக்க மீதி இல்லை.'